துரத்துவதா, விட்டுப் பிடிப்பதா?

2001 மார்ச், இரவு நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மணிக்கு 55 மைல் வரம்புள்ள சாலையில் ஓர் இளைஞன் 73 மைலில் போகிறான். நம் கணக்கில் 88 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்தில் 117. வயது 19. பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றதும் நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டினான். பெரும்பாலும் இருவழிச் சாலைகள். இரட்டை மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்துகிறான், சிவப்பு விளக்கை மதிக்கவில்லை, நடுவில் ஒரு கடை வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்துக்குள் புகுந்து வெளியே வருகிறான். ஆறு நிமிடம், ஏறத்தாழ பத்து மைல். பின்தொடர்ந்த அதிகாரி தன் காரின் முன்பம்பரால் அவன் காரை இடித்தார். கார் சாலையை விட்டு இறங்கிச் சரிவில் உருண்டது. பையனுக்குக் கைகால்கள் நான்கும் செயலிழந்தன.

'ஸ்காட் எதிர் ஹாரிஸ்' (ஸ்காட் அந்த அதிகாரி, ஹாரிஸ் அந்த இளைஞன்) என்ற பெயரில் 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இது. துரத்தலாமா, விட்டுவிடலாமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த வழக்கிலிருந்து தொடங்குவது என் வழக்கம். இரண்டு தரப்பின் வாதங்களும் இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. போலீஸ் காரிலிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அந்தக் காணொளியை நீதிமன்றமே தன் இணையதளத்தில் போட்டது.

துரத்தலின் பக்கம் நின்றவர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா. அவர் வைத்த வாதங்கள் இரண்டு. வேகமாகவும் ஆபத்தாகவும் ஓட்டினால் போலீஸ் விட்டுவிடும் என்று விதி வைத்தால், ஓடுகிற ஒவ்வொருவனும் 90 மைலில் பறந்து நாலைந்து சிவப்பு விளக்கைத் தாண்டத்தான் பார்ப்பான். அதோடு, போலீஸ் விளக்கை அணைத்துத் திரும்பிப் போவதைக் கண்ணாடியில் பார்த்தாலும், தன்னை விட்டுவிட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? குறுக்கு வழியில் வந்து மறிக்கப் போகிறார்கள் என்றுதானே நினைப்பான்? எட்டுப் பேர் ஒரு பக்கம். எதிர்த்தவர் நீதிபதி ஸ்டீவன்ஸ் மட்டும். மற்ற வண்டிகள் சைரன் கேட்டு ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கியிருந்தன, வண்டியின் எண் போலீஸ் கையில் இருந்தது, பிறகு பிடித்திருக்கலாம் என்றார் அவர். சகாக்களையும் சும்மா விடவில்லை: பெருஞ்சாலைகள் வருவதற்கு முன்பு, இருவழிச் சாலைகளில் வேகமாக ஓட்டப் பழகியிருந்தால் இந்தக் காணொளியைப் பார்த்து இவ்வளவு மிரண்டிருக்க மாட்டார்கள் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 87.

ஸ்கேலியாவின் இரண்டாவது கேள்விக்கு ஒரு பதில் பத்து ஆண்டுக்கு முன்பே வந்திருந்தது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஆல்பர்ட், போலீஸிடமிருந்து வண்டியில் தப்பி ஓடி மாட்டிச் சிறையில் இருந்தவர்களிடமே கேட்டார்: போலீஸ் விட்டிருந்தால் வேகத்தைக் குறைத்திருப்பீர்களா? பெரும்பாலோர் ஆம் என்றார்கள். ஊருக்குள் என்றால் ஓரிரு தெருவுக்குள், நெடுஞ்சாலை என்றால் இரண்டு மைல் சொச்சத்துக்குள். சிறையில் இருப்பவன் தன்னைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எட்டு நீதிபதிகளின் ஊகத்தைவிட ஓடியவர்களின் சொல்லுக்கு நான் ஒரு பிடி கூடுதல் எடை கொடுப்பேன்.

துரத்தலின் விலை என்ன? அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவுக் கணக்கின்படி 1996 முதல் 2015 வரை துரத்தல் விபத்துகளில் ஆண்டுக்குச் சராசரியாக 355 பேர் இறந்தார்கள். நாளுக்கு ஒருவர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஓடிய வண்டியில் இருந்தவர்கள். அதில் பக்கத்து இருக்கையில் இருந்தவர்களும் சேர்த்தி. மீதியில் பெரும்பகுதி, ஓடியவனோடும் துரத்தியவரோடும் சம்பந்தமில்லாமல் எதிரே வந்தவர்கள், சாலையைக் கடந்தவர்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 33 மீட்டர் போகிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு பிரேக்கில் கால் போக ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே 50 மீட்டர் போய்விடும்.

எதற்காக இந்த விலை என்பதுதான் என் கேள்வி. ஆளைக் கடத்திக்கொண்டு ஓடுகிறவனும் தலைக்கவசம் போடாமல் ஓடுகிறவனும் போலீஸ் காரின் முன்கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். 2018 மார்ச்சில் திருச்சி அருகே துவாக்குடியில் தலைக்கவசம் அணியவில்லை என்று ஒரு தம்பதியின் பைக்கைப் போக்குவரத்து ஆய்வாளர் விரட்டிப்போய் உதைத்தார். விழுந்த பெண் இறந்துபோனார். அன்றைய சட்டத்தில் அந்த மீறலுக்கு அபராதம் 100 ரூபாய்.

அப்படியானால் விட்டுவிடு என்று எழுதிவைத்துவிடலாமா? நியூசிலாந்து 2020 டிசம்பரில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. நிற்காமல் போனது மட்டும் துரத்தக் காரணம் ஆகாது, அதற்கு முன்பே அந்த வண்டியால் ஆபத்து இருந்திருக்க வேண்டும் என்றார்கள். துரத்தல்கள் குறைந்தன. கூடவே நிற்காமல் ஓடுபவர்களும் பெருகினார்கள். ஓடியது யார் என்று பின்னால் கண்டுபிடிப்பதும் குறைந்தது. 2023 மே மாதத்தில் விதியைத் தளர்த்தினார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் 2021இல் இறுக்கி, 2023இல் கொஞ்சம் தளர்த்தி, 2024இல் பழையபடி திறந்துவிட்டது. அங்கே கார் திருட்டு கூடியதைப் பலர் இந்தச் சட்டத்தின் தலையில் கட்டினார்கள். அது அரை நியாயம். சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளப்புவதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு இல்லாத கியா, ஹூண்டாய் கார்களை நாடெங்கும் பையன்கள் கிளப்பிக்கொண்டு போன காலம் அது. துரத்தல் விதி மாறாத ஊர்களிலும் திருட்டு கூடியது. ஆனால் நியூசிலாந்துக் கதையை அப்படித் தள்ளிவிட முடியாது. ஸ்கேலியாவின் முதல் வாதம் அங்கே பலித்தது.

என் ஓட்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு. அங்கே போக்குவரத்து மீறல், உரிமச் சோதனை, குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்ப்பது போன்றவற்றுக்காகத் துரத்தக்கூடாது. ஆனால் விட்டதோடு சரி என்று இருப்பதில்லை. நிற்காமல் ஓடுவதே தனிக் குற்றம்; தண்டனையோடு ஓட்டுநர் உரிமம் இரண்டு ஆண்டுக்குப் போய்விடும். வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று கெடுவுக்குள் அவர் உறுதிமொழிப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ஓட்டியது அவரே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நியூசிலாந்து விட்டது, குயின்ஸ்லாந்து விட்டுப் பிடிக்கிறது. ஸ்டீவன்ஸ் சொன்ன 'எண் கையில் இருக்கிறதே' என்ற வாதத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. திருட்டு வண்டி என்றால் உரிமையாளர் என்ன எழுதித் தருவார்? அந்த இடத்தில்தான் ஹெலிகாப்டர் உதவும். மேலிருந்து இரவிலும் வெப்பக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கீழே வண்டிகள் சைரனை அணைத்துப் பின்தங்கிவிட, ஓடுகிறவன் எங்கே இறங்குகிறான் என்று காத்திருந்து பிடிக்கலாம். செலவு அதிகம், பெரிய நகரங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். போலீஸ் காரின் முன்பக்கத்திலிருந்து ஒட்டும் ஜிபிஎஸ் கருவியை முன்னே போகும் வண்டியின் மீது எய்யும் ஸ்டார்சேஸ் போன்ற ஏற்பாடும் இருக்கிறது. எய்வதற்குக் கொஞ்சம் நெருங்கியாக வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்குக் குறை தெரியவில்லை. சாலையில் முள்பட்டை விரிப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். விரிக்கிற காவலர் அந்த வேகத்துக்கு எதிரே நிற்க வேண்டியிருக்கிறது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆவது பிரிவும் வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது. குயின்ஸ்லாந்துக்குப் பாதித் தூரம் ஏற்கெனவே வந்துவிட்டோம் என்று இதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு என் பழைய ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. விற்று நான்கு ஆண்டு ஆகிறது. வாங்கியவர் அடுத்த வாரமே பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். சிக்னலில் நிற்காமல் போனதற்கான அபராதச் செய்தி இன்னும் என் கைபேசிக்குத்தான் வருகிறது.