மண் கல் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் சிமெண்ட் மூட்டையை எண்ணுங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் 400 சதுர அடியில் ஒரு மண் கல் வீடு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அது கட்டி முடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மழை விட்டபின் பார்த்தால், சாரல் அடித்த பக்கத்துச் சுவரில் கீழ் மூன்று வரிசைக் கற்களின் முனைகளைக் காணோம். விரலை வைத்துத் தேய்த்தால் ஈர மண்ணாகக் கையோடு வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்த சிமெண்ட் சாந்து மட்டும் வரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சாந்து நிற்கிறது, கல் கரைந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு ஊரில் எல்லாரும் சொன்னது, "மண் வீடுன்னா அப்படித்தான்." அப்படி இல்லை. அங்கே நடந்தது ஏமாற்று வேலை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்தவர் தப்பிக்கலாம்.

அமுக்கிய மண் கல் என்பது சலித்த செம்மண், மணல், கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் தண்ணீர் கலந்து அச்சில் போட்டு அழுத்தி எடுப்பது. சூளை கிடையாது, விறகு கிடையாது. 24×24×9 செ.மீ. அளவுக் கல் ஒன்று ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். அதில் எடைக்கு 5 சதவீதம் சிமெண்ட் என்றால் கல்லுக்கு அரை கிலோ. ஆக, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 100 கல். இந்த ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மேலே சொன்ன வீட்டில் கதவு, ஜன்னல் போகச் சுமார் 80 சதுர மீட்டர் சுவர். சதுர மீட்டருக்கு 40 கல் பிடிக்கும். உடைசல் சேர்த்து 3,400 கல். அப்படியானால் கல் அடிக்க மட்டும் 34 மூட்டை இறங்கியிருக்க வேண்டும். கடை ரசீதை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் கல் அடித்த நாட்களில் வந்தது 15 மூட்டை. 2.2 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். மீதி 19 மூட்டையின் விலை ஒப்பந்தக்காரருக்கு மிச்சம்.

இதை வீட்டுக்காரர் ஏன் அன்றைக்கே கண்டுபிடிக்கவில்லை? காய்ந்த மண் கல் உறுதியாகத்தான் இருக்கும். களிமண்ணும் அச்சின் அழுத்தமும் சேர்ந்தே அந்த உறுதியைக் கொடுத்துவிடும். சிமெண்டின் வேலை தெரிவது நனைந்த பிறகுதான். ஒழுங்காக 5 சதவீதம் போட்ட கல்லுக்கே நனைந்தால் பலம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்கும் கீழே போகப் போக நனைந்த கல்லின் பிடிமானம் இன்னும் குறையும். ஆகவே இரண்டு கல்லின் மேல் மூன்றாவதைக் குறுக்கே வைத்து, அதன் மேல் ஏறி நின்று காட்டுவார்கள். ஆளை மயக்கும் காட்சி அது. "நல்லாத்தான் இருக்கு, சார்" என்று முன்பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுக்கின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடங்களிலிருந்து நீங்களே கல்லை உருவி எடுங்கள். அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். வாளித் தண்ணீரில் 24 மணி நேரம் முழுக்க மூழ்க வையுங்கள். எடுத்தவுடன், ஈரத்தோடு, ஆணியால் அழுத்திக் கீறுங்கள். நல்ல கல்லில் மெல்லிய கோடு விழும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மோசமான கல்லில் ஆணி குழி பறிக்கும், வாளியின் அடியில் சேறு தங்கும், மூலைகள் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இளகியிருக்கும். பிறகு ஆறு, ஏழு கற்களைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் ஆய்வகத்துக்கு அனுப்பி, ஊறவைத்து அழுத்திப் பார்த்த அறிக்கை கேளுங்கள். காய்ந்த கல்லுக்கு எடுத்த அறிக்கையைக் காட்டினால் அது செல்லாது.

சிமெண்ட் சரியாக இருந்தும் கல் கெடுவதுண்டு. காலையில் ஒரே கலவையாகப் போட்டு மாலை வரை அடிப்பார்கள். ஈரமண்ணில் பட்டவுடன் சிமெண்ட் இறுக ஆரம்பித்துவிடும். கலந்த அரை மணி நேரத்துக்குள் அச்சில் ஏறாத கலவையில் சிமெண்டின் பலம் குறைந்துகொண்டே போகும். ஒரு தடவைக்கு ஒரு சிறு கலவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடித்த கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு 28 நாள் வரை ஈரம் காயாமல் வைக்க வேண்டும். அந்த வீட்டில் எட்டாம் நாளே கல் சுவரில் ஏறிவிட்டது. வெயிலில் காய்ந்த கல்லுக்குள் சிமெண்ட் பாதி வேலையோடு நின்றுவிடும், பின்னால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முழுசாக மீளாது.

மண் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருக்கும், அது ஆகாது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் மட்டும் போட்டு அதைக் கட்டுப்படுத்த முடியாது, சுண்ணாம்பு வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். மணலும் சரளையும் சேர்ந்து பாதிக்கு மேலும், களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் தைரியமாகப் போகலாம்.

கடைக்காலுக்கு மேலே குறைந்தது ஒன்றரை அடி கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்து, அதன் மேல் ஈரத்தடுப்பு போட்ட பிறகுதான் மண் கல் வர வேண்டும். கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடி நீளட்டும். அந்த வீட்டில் இந்தக் கல் பீடம் அரை அடி, கூரை நீட்டம் ஒன்பது அங்குலம். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்ததே கீழ் மூன்று வரிசைக் கல்லுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த பொய் இன்னும் ஆபத்து: "மண் வீட்டுக்கு அனுமதியெல்லாம் வேண்டாம்." சுவர் எதனால் ஆனது என்பதைப் பார்த்து விதி விலகாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 மண் வீட்டுக்கும் உண்டு. அனுமதி இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைக்காது, நோட்டீஸ் வந்தால் காட்டக் காகிதம் இருக்காது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே அனுமதி வாங்க முடிகிறது. இவ்வளவு சுலபமான வேலையைத் தவிர்க்கச் சொல்பவர், வரைபடத்தில் ஒரு பொறியாளரின் கண் படுவதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறார்.

பொறியாளர்கள் சிலர் "இதுக்குத் தர விதி (கோட்) இல்லை" என்று கையெழுத்துப் போட மறுப்பதும் உண்டு. உண்டு என்று சொல்லுங்கள். மண் கல்லுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 1725, 1960-இலேயே வந்தது, 1982-இலும் 2013-இலும் திருத்தப்பட்டது. ஒப்பந்தத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் பின்னால் வழக்குக்கும் உதவும்.

இன்னொன்று, புதுச்சேரிக்குப் பக்கத்தில் மண் கல் கட்டடங்களுக்குப் பேர்போன ஆரோவில் பெயரைச் சொல்லி வருபவர்கள். பார்வையாளர் மையத்துக்குக் கூட்டிப்போய், "இதே டெக்னிக்தான்" என்று காட்டுவார்கள். அந்தச் சுவர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாக அதே கடலோர மழையில் நிற்பது உண்மை. அதற்கும் கூட்டிப்போனவருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அவர் கட்டி இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டை மட்டும் பாருங்கள், அங்கே குடியிருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள். கல் ஆய்வக அறிக்கை வந்ததும் ஒரு தவணை, பீடம் முடிந்ததும் ஒன்று, கூரை முடிந்ததும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை கையில் வையுங்கள். சிமெண்டை உங்கள் பெயரில் நீங்களே வாங்குங்கள், காலி மூட்டைகளை எண்ணுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரெராவை (மனை, அடுக்குமாடித் திட்டங்களை விற்பவர்களைக் கண்காணிக்கும் ஆணையம்) நம்பி அலைய வேண்டாம். சொந்த மனையில் கட்டும் ஒற்றை வீடு அதற்குள் வராது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். வீடு கட்டித் தருவது சேவைதான். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சுவரை மறுபூச்சு பூசுவதற்கு முன்னால் கரைந்த பகுதியிலிருந்து மூன்று கல்லைப் பெயர்த்து, தேதி எழுதிச் சாட்சிக் கையெழுத்தோடு கட்டி வைத்துவிடுங்கள். பூசிவிட்டால் சான்று மறைந்துவிடும். சிமெண்டைக் கனமாகப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மிச்சக் கல்லும் ஊறும். தற்காலிகமாக மறைக்க வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சாந்தே போதும்.