தூசு உறிஞ்சும் நிலையத்துக்குக் காப்புரிமை: கொழும்பில் கேட்பதா, ஐரோப்பாவில் கேட்பதா, அமெரிக்காவில் கேட்பதா?

சித்தப்பா மகன் நுவரெலியாவில் ஒரு பழைய துரை பங்களாவில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறான். இப்போது அது உல்லாசப் பயணிகள் தங்குகிற இடம். அங்கே ரோபோ வெக்கியூம் ஒன்று ஓடுகிறது. அறையைச் சுத்தம் செய்துவிட்டுத் தானாகவே தன் நிலையத்துக்குத் திரும்பும், நிலையத்துக்குள் இருக்கிற பெரிய மோட்டார் ரோபோவின் வயிற்றில் சேர்ந்த தூசை ஒரு குழாய் வழியாகப் பத்துப் பதினைந்து விநாடியில் உறிஞ்சி ஒரு பைக்குள் தள்ளிவிடும். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. பனிமூட்டம் இறங்கி நாலு நாள் விடாமல் நின்றால்தான் தொல்லை. கார்ப்பெட் நூல், தலைமுடி, ஈரம் ஏறின தூசு மூன்றும் சேர்ந்து குழாயின் எல்போ வளைவில் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவன் எனக்கு ஒன்றைக் கழற்றிக் காட்டினான், விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில், பிழிந்த துணி மாதிரி இருந்தது. பிய்த்தால் பிய்யவில்லை.

சித்தப்பா தேயிலை பெக்டரியில் டிரையர் ரூமில் வேலை பார்த்தவர். காய்ந்த தூள் காற்றிலிருக்கிற ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் இழுக்கும், ஈரம் ஏறினால் சல்லடையில் எப்படி ஒட்டும் என்பதெல்லாம் அந்த வீட்டில் சோற்றுக்கு நடுவே பேசுகிற பேச்சு. அதனால்தான் இவனுக்கு யோசனை அந்தப் பக்கம் போயிருக்கிறது. தூசை இன்னும் பலமாக இழுப்பதற்குப் பதிலாக முதலில் காய வைப்போம், அப்புறம் இழுப்போம். குழாய்க்குள் ஈரப்பதம் அளக்கிற ஒரு சின்னச் சென்சர். ஈரம் கூடுதலாக இருந்தால் நிலையம் சில நிமிடம் வெதுவெதுப்பான காற்றை மெதுவாக அனுப்பும், அதன்பிறகு எதிர்த்திசையில் ஒரு ஊதல், அதற்குப் பிறகுதான் உறிஞ்சல். குழாயில் அழுத்த வித்தியாசம் இன்னும் குறையவில்லை என்றால் அந்த வரிசை திரும்ப ஓடும்.

காப்புரிமைத் தேடல் வேலையை நான் கொட்டகலையில் வீட்டிலிருந்தே செய்கிறேன், அதனால் என்னிடம் வந்தான். "அண்ணே, இதுக்கு பேட்டன்ட் எடுக்கலாமா, எங்க எடுக்கிறது?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் எடுத்தது, ஏனென்றால் எடுக்கலாமா என்பதும் எங்கே என்பதும் இரண்டு கேள்வி இல்லை. ஒரே கண்டுபிடிப்பு ஒரு நாட்டில் புதிதாகவும் இன்னொரு நாட்டில் பழையதாகவும் ஆகலாம். இவன் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். "ரோபோவின் தூசைத் தானாக உறிஞ்சும் நிலையம்" என்கிற கதவு எல்லா நாட்டிலும் மூடியாகிவிட்டது. கார்ஷர் கொம்பனியின் ஆர்சி 3000 என்கிற ரோபோ 2000களின் தொடக்கத்திலேயே தன் நிலையத்தில் போய்த் தூசைக் கொட்டியது. ஐரோபோட் 2018ல் ரூம்பா ஐ7 பிளஸோடு விற்ற நிலையம் ரோபோவின் பெட்டியை 30 தடவை வரை ஒரே பையில் காலி செய்யும் என்று விளம்பரப்படுத்தினார்கள். சாம்சுங்கின் நிலையம் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றி தூசைக் கிளப்புகிறது, அதற்கு ஏர் பல்ஸ் என்றே பெயர். தரை துடைக்கிற துணியைச் சூடான காற்றால் உலர்த்துகிற நிலையங்களும் கடையில் கிடைக்கின்றன. காப்புரிமைகளை வகைப்படுத்துகிற அட்டவணையில் ரோபோவின் தூசுப் பெட்டியைக் காலி செய்வதற்கென்றே ஏ47எல் 2201/024 என்று ஒரு தனி இடம் இருக்கிறது. ஒரு விஷயத்துக்குத் தனி இலக்கம் போட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே எவ்வளவு கூட்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இவனுக்கு மிச்சம் என்ன? சூடு தனியாக இருக்கிறது, ஊதல் தனியாக இருக்கிறது. ஈரத்தை அளந்து, அந்த அளவைப் பார்த்து, காய வைத்த பிறகே உறிஞ்சுகிற அந்த வரிசைதான் நான் தேடியவரைக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கமான வழிதான். ஆனால் தடங்கல் உண்மையில் தீர்வது அந்த இடத்தில்தான்.

இனி வீடியோ. மூன்று மாதத்துக்கு முன் சந்தோஷத்தில் இவன் பேஸ்புக்கில் 40 விநாடி வீடியோ ஒன்று போட்டுவிட்டான். நிலையத்தின் பின்பக்கம் திறந்திருக்கிறது, சூடான காற்றுக் குழாய் தெரிகிறது, எதிர் ஊதலில் அந்த அடை கழன்று விழுவது நன்றாகவே தெரிகிறது. நான் அதை ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்தேன். சென்சர் குழாய்க்கு உள்ளே இருப்பதால் தெரியவில்லை, புரோகிராம் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்த 40 விநாடியை ஒவ்வொரு நாடும் எப்படிப் பார்க்கும் என்பதில்தான் இந்த ஒப்பீடு முழுக்கத் தங்கியிருக்கிறது.

கொழும்பிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், தேசிய புலமைச் சொத்து அலுவலகம். புதுமையை உலகம் முழுவதையும் வைத்துத்தான் பார்ப்பார்கள், இலங்கையில் யாரும் செய்யவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே வீடியோ இங்கே உயிரை எடுக்காது. கிடைத்தால் 20 வருடம், இறக்குமதியைத் தடுக்கிற உரிமையும் சேர்த்து. செலவு தாங்கும், கேள்வி இருந்தால் ஹட்டனில் ரயில் ஏறிப் போய் நேரிலேயே கேட்டுவிட்டு வரலாம், அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த உரிமை இலங்கைக்குள் மட்டும்தான். இந்த நிலையங்களைச் செய்கிற பெரிய கொம்பனிகள் சீனாவில், வாங்குகிறவர்கள் கூடுதலாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். கொழும்பில் மட்டும் எடுத்து வைத்தால் சூஜோவில் ஒருவர் இதையே செய்து பெர்லினில் விற்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் வேறு மாதிரி. ஒரு ஒழுங்கில்தான் போவார்: மிக நெருங்கிய பழைய பொருள் எது, அதிலிருந்து இது எதில் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டால் என்ன பயன், அப்படியானால் தீர்க்கப்பட்ட பிரச்சினை எது, அந்தத் துறையில் சாதாரணமாகத் தேர்ந்த ஒருவர் இதைச் செய்திருக்கக்கூடுமா என்பதல்ல, செய்திருப்பாரா. எனக்கு இந்த முறை மேல் மரியாதை உண்டு, ஏனென்றால் உங்கள் சரக்கு என்ன என்பதை உங்களுக்கே விளங்க வைக்கும். துணி உலர்த்துகிற சூடான காற்று ஏற்கெனவே இருக்கிறதே, அதைக் குழாய்க்குத் திருப்புவது பெரிய விஷயமா என்று அவர் கேட்பார். நாம் சொல்லக்கூடியது: துணியை உலர்த்துவது நாற்றமும் பூஞ்சணமும் வராமலிருக்க, அந்த ஆவணத்தில் குழாய் அடைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை, அடைப்பு வந்தால் எல்லாரும் மோட்டாரைப் பெரிதாக்குகிற பக்கம்தான் போனார்கள், காய வைக்கும்வரை உறிஞ்சலைத் தள்ளிப்போடும்படி யாரும் சொல்லவில்லை. இந்த வாதத்துக்குத் தெம்பு இருக்கிறது, சென்சரையும் வரிசையையும் கோரலுக்குள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதுகிற பகுதிக்குள், வைத்தால் மட்டும்.

வீடியோ விஷயத்தில் ஐரோப்பாவில் இரக்கம் கிடையாது. நீங்களே போட்டாலும் போட்டது போட்டதுதான், ஒரு நாள் சலுகைகூட இல்லை. வீடியோவில் தெரிகிற சூடான காற்றுக் குழாயும் எதிர் ஊதலும் அங்கே பழையவை ஆகிவிட்டன, இவனுடைய சொந்த வேலையே இவனுக்கு எதிராக நிற்கும். தெரியாத பகுதி, அதாவது சென்சரைப் பார்த்து நடக்கிற வரிசை, இன்னும் பிழைத்திருக்கிறது.

அங்கே இன்னொரு கண்டிப்பு இருக்கிறது, அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதல் நாள் கொடுத்த விவரணத்தில் இல்லாத எதையும் பிறகு சேர்க்க முடியாது. சில வருடத்துக்கு முன் கொழுந்து நிறுக்கிற தராசுக்கு ஒரு விண்ணப்பம் போட்டோம், மழை நாளில் கொழுந்தில் இருக்கிற தண்ணீருக்கென்று கண்மதிப்பில் கிலோவைக் கழிக்காமல் அளந்தே கழிக்கிற மாதிரி. எழுதிக் கொடுத்தவர் "ஈரத்தை அளந்து கழிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், எப்படி அளக்கும், எந்த வரம்பில் என்று ஒரு இலக்கம் இல்லை. வெளிநாட்டுப் பரிசோதகர் முட்டுக்கட்டை போட்டபோது எங்கள் நோட்டுப் புத்தகத்தில் எல்லா இலக்கமும் இருந்தது, விண்ணப்பத்தில் இல்லை. அவ்வளவுதான், போய்விட்டது. கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒவ்வொரு மழை நாளும் இழக்கிற கிலோவை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவில் வீடியோவுக்கு ஒரு வருட அவகாசம் உண்டு, கொழும்பில் விண்ணப்பம் விழுந்த தேதியை முன்னுரிமையாக, அதாவது முதல் விண்ணப்பத் தேதியாக, காட்டினால் அந்தத் தேதியிலிருந்தே பின்னோக்கி எண்ணுவார்கள். இது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் 2007ல் உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த விதத்தில் சேர்த்து எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது கண்டுபிடிப்பில்லை என்று சொல்வது பரிசோதகருக்குச் சுலபமாகிவிட்டது. ஏர் பல்ஸையும் துணி உலர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் கூட்டினால் இதுதானே என்று நிச்சயம் எழுதுவார். அங்கே நம்மைக் காப்பாற்றக்கூடியது எதிர்பார்க்காத பலன் ஒன்றைக் காட்டுவது. காய வைத்துவிட்டு இழுக்கும்போது சின்ன மோட்டாரே போதும் என்று இவன் சொல்கிறான், அதை அளந்து காட்டினால் நல்ல ஆயுதம். இன்னொன்று, தனக்குத் தெரிந்த, பரிசோதனைக்கு முக்கியமான பழைய பொருள்களை விண்ணப்பதாரரே சொல்லியாக வேண்டும். சாம்சுங் நிலையத்தையும் அந்த வீடியோவையும் நாங்களே முதல் ஆளாகக் கொடுக்க வேண்டும், மறைத்தால் பிறகு கிடைத்த காப்புரிமையே செல்லாமல் போகலாம். கட்டணத்தில், வருமான வரம்புக்குள் இருக்கிற தனிநபருக்கு 80 வீதம் வரை குறைப்பு உண்டு.

ஜெர்மனியின் பயன்பாட்டு மாதிரியை, அதாவது காப்புரிமையின் தம்பி மாதிரியான ஒரு பதிவை, பற்றி நம் ஆட்கள் யாரும் பேசுவதில்லை, எனக்கோ அது மிகவும் பிடித்திருக்கிறது. புதுமையைப் பரிசோதிக்காமலே பதிவார்கள், 10 வருடம், வழக்கு வந்தால்தான் உரசிப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், சொந்த வெளியீட்டுக்கு அங்கே 6 மாத அவகாசம். முன்னுரிமைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதால் வீடியோ போட்ட 6 மாதத்துக்குள் கொழும்பில் தேதி விழுந்துவிட்டால் ஜெர்மனியில் அந்த வீடியோ இல்லாதது மாதிரி. மூன்று மாதம் போய்விட்டது, மூன்று மாதம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, செய்முறையை அங்கே கோர முடியாது. "இந்த வரிசையில் செய்யும் முறை" என்று எழுதாமல் "இந்த வரிசையில் இயங்கும்படி அமைக்கப்பட்ட கட்டுப்படுத்தியைக் கொண்ட நிலையம்" என்று பொருளாகவே எழுத வேண்டும். சீனாவிலும் 10 வருட மாதிரி உண்டு, அது பொருளின் உருவத்தோடும் கட்டமைப்போடும் நிற்கிறது, இவன் சரக்கோ புரோகிராமில் இருப்பதால் அங்கே பெரிதாக உதவாது. இலங்கைச் சட்டத்தில் இப்படி ஒரு வகையே இல்லை.

கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாமே என்று அவனுடைய நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 5 வருடம், இரண்டு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15. ஆனால் அது வெளித்தோற்றத்துக்கு, இவன் நிலையம் வெளியே பார்த்தால் ஒரு பெட்டி. இரகசியமாக வைப்பதும் சரிவராது, விற்ற மறுநாளே ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவர் திறந்து பார்த்துவிடுவார்.

பிசிடி, அதாவது காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை, பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உலகக் காப்புரிமை இல்லை, அப்படி ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. நேரம் வாங்கித் தருகிற ஏற்பாடு அது. கொழும்பில் போட்ட 12 மாதத்துக்குள் பிசிடிக்குள் போனால், நாடு நாடாக நுழைய முதல் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம், ஐரோப்பிய அலுவலகத்துக்கு 31. நடுவிலேயே ஒரு தேடல் அறிக்கை வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுப் பெரிய செலவுக்குப் போகலாமா என்று முடிவு செய்யலாம். இலங்கைத் தனிநபருக்கு சர்வதேசக் கட்டணத்தில் 90 வீதம் கழிவும் உண்டு. சம்பளத்தில் வாழ்கிற ஒருவனுக்கு இதைவிட நல்ல பாதை இல்லை.

ஆக, என் தெரிவு இதுதான். இந்த மாதமே கொழும்பு, ஆனால் ஐரோப்பியப் பரிசோதகரின் கண்ணுக்கு எழுதுவது போல எழுதுவது: எத்தனை பாகை சூடு, எத்தனை நிமிடம், எந்த ஈரப்பதத்தில் தொடங்கும், எந்த அழுத்தத்தில் நிறுத்தும், ஒவ்வொன்றுக்கும் அகலமான வரம்பு, அதற்குள் ஒடுக்கமான வரம்பு, அதற்கும் உள்ளே இன்னொன்று. அப்புறம் பிசிடி. அதிலிருந்து அமெரிக்காவும் ஜெர்மன் மாதிரியும். முழு ஐரோப்பியப் பரிசோதனை, அந்த வரிசைக்கு எதிராகத் தேடல் அறிக்கையில் ஒன்றும் வராவிட்டால் மட்டும். இந்தியாவைப் பிறகு பார்க்கலாம், அதற்கு 31 மாதம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் அவன் கேட்டான், "அண்ணே, அந்த வீடியோவ அழிச்சிரட்டுமா?"

"வேணாம் தம்பி, அழிச்சா மட்டும் நடந்தது இல்லன்னு ஆயிராது. லிங்க்கையும் தேதியையும் எழுதி எனக்கு அனுப்பு. புது வீடியோ மட்டும் கொழும்புல தேதி விழுற வரைக்கும் ஒண்ணும் போடாத. யாராவது கேட்டாலும் சென்சரைப் பத்தி வாயத் தொறக்காத."

சரி என்றான். இப்போது தினமும் காலையில் பனி இறங்கியிருக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, குழாய்க்குள் ஈரப்பதத்தையும் அடை கழலப் பிடித்த நிமிடத்தையும் கோடு போட்ட கொப்பியில் குறிக்கிறான். நேற்றோடு 17 வரி ஆகியிருக்கிறது, 40 வரி வந்ததும் எழுத உட்காருகிறோம்.