புது கேஸ்கெட் என்று பில் போட்டார்கள், உள்ளே இருந்தது பழையது

சிக்னலில் நின்றால் என் காரின் ஐடிலிங் தானாக 1,200 ஆர்பிஎம் வரை ஏறும், இறங்கும். பானெட்டைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கும், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது, கழற்றிச் சுத்தம் செய்து புதிது போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன கோளாறு சரிதான். அதனால்தான் நம்பி வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பில்லில் புது கேஸ்கெட், கிளீனிங், லேபர் எல்லாம் இருந்தன. பத்து நாள் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் அதே 'உஸ்', கூடவே செக் இன்ஜின் லைட். திரும்பப் போனபோது, "வண்டி பழசு சார், சென்சார் போயிருக்கும்" என்று சொல்லி அடுத்த செலவுக்கு அடிபோட்டார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனரில் பி0171 கோடு, அதாவது பெட்ரோலுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகம். ஐடிலிங்கில் ஃபியூல் ட்ரிம், அதாவது அதை ஈடுகட்ட வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக விடும் பெட்ரோல், 20 சதவீதத்துக்கு மேல் காட்டியது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 6 சதவீதத்துக்கு இறங்கியது. "சென்சார் இல்லைங்க, எங்கேயோ காற்று இழுக்குது" என்றார். புகை விட்டுப் பார்த்தார். மேனிஃபோல்டின் ஓரத்திலிருந்து புகை வந்தது.

என் கண் முன்னால்தான் கழற்றினார். உள்ளே இருந்தது பழைய கேஸ்கெட். நசுங்கித் தட்டையாகி, ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அதன் மேல் சாதாரண சிலிகான் பசையை அப்பியிருந்தார்கள். பெட்ரோல் படும் இடத்தில் அந்தப் பசை நிற்காது, ஊறி இளகிவிடும். உட்பக்கம் பிதுங்கிய துண்டு பிய்ந்தால் நேராக சிலிண்டருக்குத்தான் போகும். சிலிண்டருக்குக் காற்று போகும் துவாரமான போர்ட் ஒன்றின் விளிம்பில் அப்படி ஒரு துண்டு பாதி பிய்ந்து தொங்கியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. ஓரத்து போல்ட் ஒன்றை வெறித்தனமாக முறுக்கி, அலுமினிய ஹெட்டில் மரையையே அழித்திருந்தார்கள். இந்த போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, கம்பெனி சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். சின்ன போல்ட்டுகள்தான், பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் பக்கம் இருந்தாலே போதும். அந்த அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச்சைத் தொட்டிருந்தால் இது நடந்திருக்காது. புது மரைச் சுருள் போட்டுச் சரிசெய்ய கேஸ்கெட்டைவிடப் பல மடங்கு செலவானது.

இந்த மெக்கானிக் கழற்றியவுடன் முதலில் போர்ட்டுகளைச் சுத்தமான துணியால் அடைத்தார். எத்தனை துணி வைத்தார் என்று எண்ணியும் வைத்துக்கொண்டார். பிறகு மேனிஃபோல்டின் முகத்தில் நேர்க்கோல் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்த்தார். முகம் வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் நிற்காதாம். முன்பு இதை யாரும் பார்த்த அடையாளமே இல்லை. கார்பன்கூட அப்படியே படிந்திருந்தது.

இந்த வேலைக்கு வண்டியை விடுபவர்கள் பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மேனிஃபோல்ட் கழன்றிருக்கும்போது போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். புது கேஸ்கெட்டின் கவரையும் கேளுங்கள். "அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டோம்" என்று எனக்கு வந்த பதிலை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்பில் போட்டோக்களைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்னும் தரவில்லை. வண்டி இப்போது 750 ஆர்பிஎம்மில் ஆடாமல் நிற்கிறது.