மில் தூளா, பாக்கெட் தூளா, அரைத்த மசாலாவா? ஒரு மஞ்சக்குப்பம் அடுப்படிக் கணக்கு

எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்த சமையல் இல்லை. புதன்கிழமை இரவு ஏழரைக்குப் புதுச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு வந்து சேர்ந்து, எட்டரைக்குள் சோறும் குழம்பும் ஒரு காய்ப் பொரியலும் தட்டில் விழ வேண்டும். மனைவிக்கு மாலை ஷிப்ட் என்பதால் வாரத்தில் நான்கு நாள் கரண்டி என் கையில்தான். அரைக் கிலோ பிராய்லர், இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு கை சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வைத்தது காரம்தான். எந்தத் தூள்?

மூன்று வழியிலும் சமைத்திருக்கிறேன். சென்னையில் தனியாக இருந்தபோதும், இங்கே வந்த புதிதிலும் பாக்கெட் சிக்கன் மசாலா. அப்புறம் ஒன்றரை வருடம் வீட்டு மிக்ஸியில் அரைத்த மசாலா. இப்போது மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த் தூள். நான் நிற்பது மில் தூள் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ருசியில் அரைத்த மசாலாவை எதுவும் தொடாது. வேகத்தில் பாக்கெட்டை எதுவும் தொடாது. விலையைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மிளகாய் விலை ஏறிய வருடத்தில் மில் தூள் ஒன்றும் சல்லிசாக வராது.

பாக்கெட்டின் நல்ல குணம், அது என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். கைப்பக்குவம் இல்லாதவனையும் காப்பாற்றும். வறுத்து அரைத்த சரக்கு என்பதால் பச்சை வாசனை சீக்கிரம் போய்விடும். ஆனால் சிக்கன் மசாலா சிக்கனுக்கு மட்டும்தான். பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். அதைக் கத்தரிக்காய்ப் பொரியலில் தூவிப் பாருங்கள், பொரியல் குருமா வேஷம் கட்டிக்கொண்டு வரும். பல பாக்கெட்டுகளில் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நான் மூன்று முறை குழம்பைக் கரிக்கவிட்ட பிறகுதான் படித்தேன். ஆக, கோழிக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, வறுவலுக்கு ஒன்று என்று பாதி பிரித்த பாக்கெட்டுகள் கிளிப் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஐப்பசி பிறந்ததும் ஒன்றுவிடாமல் கட்டி தட்டியது. ஒன்றில் சின்னப் பழுப்புப் பூச்சி ஊர்ந்தது. தப்பு கம்பெனி மேல் இல்லை. அடுப்புக்கு நேர் மேலே இருந்த அலமாரியில், ஆவி படுகிற இடத்தில் வைத்தவன் நான்.

அரைத்த மசாலாவுக்கு மாறினேன். ஆறேழு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் மிளகு, சீரகம், சோம்பு வறுத்து, சின்ன வெங்காயம், இரண்டு கீற்றுத் தேங்காயோடு மையாக அரைத்தால், வாசனைக்கே பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறப்பார். ஆனால் இருபது நிமிடம் தனியாகப் போகும், மிக்ஸி ஜாரைக் கழுவும் வேலை வேறு. அதனால் ஞாயிறன்று மொத்தமாக அரைத்து, சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டு வைத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரில் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. ஆனால் கரண்ட் இல்லை, ஃப்ரீசரில் இருந்த மசாலா முழுக்கப் புளித்துவிட்டது, புதிதாக அரைக்க மிக்ஸி ஓடாது. வீட்டில் அரிசி இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, காரம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் மில் தூள் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அதிலேதான் ஓடியது. பண்ருட்டியில் இருக்கும் என் மாமியாரிடம் போனில் சொன்னபோது சிரித்தார். "தானே புயலப்போ எத்தனை நாள் கரண்ட் இல்லாம இருந்தோம் தெரியுமா மாப்ளே? மில்லுத் தூளும் அம்மியும்தான் சோறு போட்டுச்சு."

2011 டிசம்பரில் அந்தப் புயல் பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அத்தை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவசரப்பட்டு, தை மாதமே ஒரு கிலோ அரைத்தேன். அது நாசமாகப் போனது. எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மில் தூளில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒரே இடத்தில்தான். ருசி, விலை எல்லாம் அப்புறம்.

கடலூர் கடலோரம். கெடிலம் ஒரு பக்கம், தென்பெண்ணை ஒரு பக்கம். துடைத்து வைத்த பாத்திரமே காலையில் பிசுபிசுக்கும் ஊர். தை வெயில் பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் மிளகாயைக் காயவைக்கப் போதாது, பனியும் இறங்கும். நான் காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டுபோன மிளகாய் வளைந்தது, உடையவில்லை. அந்த மில்லில் இயந்திரம் வேறு கொதித்துக்கொண்டிருந்தது. தூள் கை வைக்க முடியாத சூட்டில், கொஞ்சம் கறுத்த நிறத்தில் கொட்டியது. அதை அப்படியே எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடினேன். உள்ளே ஆவி மூடியில் வேர்த்து, திரும்பத் தூளிலேயே சொட்டியிருக்கிறது. முதலில் கட்டி. ஒன்றரை மாதத்தில் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. மேலாக எடுத்துவிட்டு மீதியை வெயிலில் காட்டலாம் என்று பார்த்தேன். செய்யக்கூடாது. ஈரம் பட்ட மிளகாயில் பிடிக்கும் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வெயிலிலோ குழம்பு கொதிக்கும் சூட்டிலோ அது முழுதாக அழியாது. முக்கால் கிலோ குப்பைக்குப் போனது.

இரண்டாம் முறை சித்திரையில். ஒரு கிலோ மிளகாய், பாதி முண்டு, பாதி நீட்டு மிளகாய். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு நல்ல நிறமும் ஒரு மணமும் கொடுக்கும். காரம் நீட்டு மிளகாயிலிருந்து வரட்டும். ஒன்றே கால் கிலோ மல்லி, மிளகு, சீரகம், விரலி மஞ்சள், கடலைப்பருப்பு, புழுங்கலரிசி தலா 100 கிராம், வெந்தயம் 50 கிராம், நிழலில் காய்ந்த கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. அரிசியும் பருப்பும் குழம்பைக் கெட்டியாக்கும். ஆனால் வறுக்காமல் போட்டால் பூச்சிக்கு நாமே வெற்றிலைபாக்கு வைத்து அழைத்த மாதிரி. மொட்டை மாடியில் மூன்று முழு நாள் காய்ந்தது. ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கே அள்ளிவிட்டேன், கடல் காற்று திரும்பி ஈரம் ஏறுவதற்குள். இந்த முறை வேறு மில், மிளகாய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருப்பவர்கள். மில்காரர் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே ஒடித்தார். "டப்புனு உடையுது பாருங்க சார், இப்பதான் காஞ்சிருக்கு." உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டில்தான் காரம் அதிகம், விதையில் இல்லை, அதனால் விதை கொட்டிப்போகிறதே என்று கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். விஷயம் சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்ன பாடம். "சூட்டோட டப்பாவுல போட்டுடாதீங்க மாப்ளே. பேப்பர்ல பரப்பி, ஆறவிட்டு, ஒருதரம் சலிச்சு அப்புறம் அடைங்க." ஃபேனைப் போடாமல், கதவைச் சாத்தி, நிழலிலேயே ஆறவிட்டேன். வெயிலில் பரப்பினால் நிறம் வெளுக்கும். வீடே இரண்டு நாள் தும்மியது.

அப்புறம் பிரித்து வைத்தேன். முழுவதையும் ஒரே டப்பாவில் வைத்துத் தினமும் திறந்தால் தினமும் ஈரக்காற்று உள்ளே போகும். கால் கிலோ பிடிக்கும் ஒரு பாட்டில்தான் அடுப்படியில் இருக்கும். மீதி, கண்ணாடி ஜாடிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கட்டிப் பெருங்காயம் போட்டு, இருட்டு அலமாரியில். மழைக்காலத்துக்கான இரண்டு ஜாடி ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜ் ஜாடியை வெளியே எடுத்த உடனே திறக்கக்கூடாது. சில்லென்ற தூளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். இரவு எடுத்து வைத்துக் காலையில் திறப்பேன். கொதிக்கும் சட்டிக்கு மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுவதை வீட்டில் எல்லோரையும் நிறுத்தவைத்தேன், என்னைத் தவிர. நான் இன்னும் மறந்துபோய்ச் செய்கிறேன்.

அந்தத் தூள் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் தாண்டி, எங்கள் மூன்று பேருக்குப் பத்து மாதம் வந்தது. கடைசி ஜாடியில் மணம் கொஞ்சம் மங்கியிருந்தது, கட்டி இல்லை. ஒரே ஒரு மழைக்காலத்து அனுபவம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

இந்தத் தூளில் சோம்பு, பட்டை எதுவும் சேர்க்கவில்லை. அதனால்தான் அது எல்லாவற்றுக்கும் போகிறது. நல்லெண்ணெயில் சோம்பு பொரியவிட்டு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி குழைந்ததும் மூன்று ஸ்பூன் தூளைப் போட்டு, உடனே ஒரு கை தண்ணீர் தெளிப்பேன். வெறும் எண்ணெயில் விழுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கருகும். கோழியைப் போட்டுப் பிரட்டி, தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத்தான் கத்தரிக்காயும் முருங்கைக்காயும். பலா சீசனில் பண்ருட்டியிலிருந்து அத்தை கொடுத்தனுப்பும் பலாக்கொட்டையை மட்டும் முன்பே வேகவைத்துச் சேர்க்க வேண்டும். பாக்கெட்டைவிட இதில் பச்சை வாசனை போக நேரமாகும். காய் போட்ட பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும், பிராய்லர் முழுதாக வேகவும் அந்த நேரம் தேவைதான். அதே பாட்டிலிலிருந்து அரை ஸ்பூன் பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் போகும். மறுநாள் அதே தூள் காரக்குழம்புக்கு. நாலு பாக்கெட் நின்ற இடத்தில் ஒரு பாட்டில்.

நாட்டுக்கோழியில் இதை இரண்டு முறைதான் செய்தேன். அது முக்கால் மணி நேரம் வேகும்போது மணம் கொஞ்சம் தட்டையானது போல இருந்தது. அதற்கு அரைத்த மசாலாதான் பொருத்தம் என்று தோன்றுகிறது, உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

புதுச்சேரி ஆபீஸில் ஒரு நண்பர் வேறு கட்சி. எந்தத் தூள் போட்டாலும் இறக்கும்போது தாளிப்பு வடகம் போட்டால் போதும் என்பார். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி வெயிலில் காயவைக்கும் அந்த உருண்டையிலிருந்து பிறந்த மசாலாதான் பிரெஞ்சுச் சமையலில் வடூவான் என்ற பெயரில் உலவுகிறது. கத்தரிக்காய் போட்ட கோழிக் குழம்பில் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். மறுப்பதற்கில்லை. ஆனால் அது தூளுக்கு மாற்று இல்லை, மேலே வைக்கும் பூ.

தனியாக இருப்பவர், மொட்டை மாடிச் சாவியை வீட்டுக்காரர் கையில் விட்டிருப்பவர், வாரம் ஒரு நாள் மட்டும் சமைப்பவர், இவர்களுக்கெல்லாம் பாக்கெட்டே சரி. 50 கிராம் பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். விருந்தாளி வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் மிக்ஸியைத்தான் எடுக்கிறேன்.

இப்போது பங்குனி கடைசி. மாடியில் மிளகாய் பரப்பியாகிவிட்டது. போன வருடத் தூளில் காரம் தூக்கல் என்று மகள் புகார் சொன்னதால் முண்டை முக்கால் கிலோவாக ஏற்றி, நீட்டு மிளகாயைக் கால் கிலோவாகக் குறைத்திருக்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.