92,000 ரூபாய்க்கு ஒரு பழைய .315 ரைபிள்: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 92,000 ரூபாய் போயிருக்கிறது.

தேன்கனிக்கோட்டை பக்கம் காட்டோரமாக எங்கள் நிலம். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை, அதைப் பற்றிப் பேச வரவில்லை. என்னிடம் இருப்பது பாதுகாப்புக்கான லைசென்ஸ், முறையாகக் கலெக்டர் ஆபீஸில் வாங்கியது. நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவிக்கிற மாவட்டத்தில், சட்டப்படி நடக்கிறவன்தான் கடையில் மொட்டையடிக்கப்படுகிறான்.

கடை பக்கத்து நகரத்தில் இருக்கிறது, பல வருடமாக நடக்கிற துப்பாக்கிக் கடை. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். நான் கேட்டது இஷாப்பூர் அரசு ஆலை தயாரிப்பு .315 (குழல் விட்டம், அங்குலத்தில்) போல்ட் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் பின்னால் உள்ள போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரைபிள், செகண்ட் ஹேண்ட். நல்ல ஆயுதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ என்ஃபீல்டு ரைபிள் வழியில் வந்தது, .303 ராணுவ அளவு என்பதால் தனியாருக்குக் கிடையாது, அதனால் .315 என்று வந்தது. உதிரிகள் குறைவு, தூசி மண்ணைத் தாங்கும், போல்ட்டைக் கொஞ்சம் தூக்கினாலே திறந்துவிடும். குறையும் உண்டு. போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்னால் இல்லாமல் பின்பக்கம் இருப்பதால் சுடும்போது ரைபிளின் உடல் லேசாக வளைந்து கொடுக்கும், விளிம்பு உள்ள தோட்டா என்பதால் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டாதபடி பார்த்து அடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

கடைக்காரர் காபி வரவழைத்தார். போல்ட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, "பாருங்கண்ணா, கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வெச்சிருந்தது, வருஷத்துக்கு நாலு தோட்டா போட்டிருந்தா அதிகம்" என்றார். உள்ளே பளபள என்றுதான் இருந்தது. அந்த ஆள் பேசும்போது என் கண்ணைப் பார்த்துப் பேசினார், அப்பாவைத் தெரியும் என்றார், பேரம் பேசும்போது இரண்டாயிரம் குறைத்தும் கொடுத்தார். 92,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு லைசென்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பளபளப்பு முழுக்க எண்ணெய். வீட்டில் துணி விட்டுத் துடைத்தபோது துணி கருப்பும் துருவுமாக வந்துகொண்டே இருந்தது. எண்ணெய் போனதும் டார்ச் அடித்தால் உள்ளே அம்மைத் தழும்பு! பழைய தோட்டாவின் ப்ரைமர் (அடியில் இருக்கும் தீ மூட்டும் மருந்து) எரிந்ததும் உப்பு மிஞ்சும், வெந்நீர் விட்டுக் கழுவாமல் வைத்தால் ஈரம் இழுத்துப் பேரலைத் தின்றுவிடும். இந்த "ஆபீசர்" ஒரு நாளும் கழுவியதே இல்லை போலிருக்கிறது, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே இப்போது சந்தேகம்.

பழக்கமான ரைபிள் கிளப் ரேஞ்சில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம். ஐம்பது மீட்டரில் காகிதத்தில் வட்ட ஓட்டை விழவில்லை, நீளவாக்கில் கிழிந்திருந்தது. குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போகிறது என்று அர்த்தம், குண்டைச் சுழல வைக்கும் பேரல் உள்வரிகள் தேய்ந்துவிட்டன. அதைவிட மோசம் காலி கேஸ், சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூடு. விளிம்புக்கு மேலே சுற்றி ஒரு மெல்லிய விரிசல் வளையம். கிளப்பில் இருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கியதுமே, "தம்பி, இனிமேல் இதில் ஒரு தோட்டாகூடப் போடாதே, கேஸ் பிளந்தால் காஸ் உன் முகத்துக்குத்தான் வரும்" என்றார். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போயிருக்கிறது. போல்ட் கைப்பிடி நம்பரைப் பார்த்தால் உடலில் இருக்கும் நம்பர் இல்லை. வேறு ரைபிளின் போல்ட்! ஒவ்வொரு உடலுக்கும் இழைத்துப் பொருத்தும் சாமான் அது.

போன் செய்தேன். முதலில் "தோட்டா பழசா இருக்கும்ணா." அப்புறம் "நம்பர் எல்லாம் சும்மா பேருக்கு." அப்புறம் ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஊரில் இல்லை, திருவிழா முடியட்டும், ஜிஎஸ்டி வேலை. நேரில் போனால் முதலாளி இல்லை என்று ஒரு பையன் சொல்கிறான், உள்ளே அதே குரல் கேட்கிறது. கடைசியில் "லைசென்ஸ்ல ஏறிடுச்சு, திரும்ப எடுக்கச் சட்டத்துல இடம் இல்ல" என்று முடித்துவிட்டார். சுத்தப் பொய். லைசென்ஸ் உள்ள டீலருக்கு முறைப்படி திருப்பி விற்கலாம், தாள் வேலை உண்டு, அவ்வளவுதான். 92,000 ரூபாய்க்குத் தாள் வேலை செய்ய அவருக்கு மனசு இல்லை.

போல்ட் ஆக்ஷன் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: போல்ட் நம்பரும் உடல் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். எண்ணெயைத் துடைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பேரலைப் பாருங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரேஞ்சில் சுட்டுக் காட்டிய காலி கேஸை வாங்கிப் பாருங்கள். பில்லில் நம்பர், நிலைமை இரண்டும் எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த பில்லில் "பழைய ரைபிள் 1" என்று மட்டும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.