உதகை கார் கண்காட்சி: கவுன்டாச்சைப் பார்க்க மலையேறலாமா?

கோடைச் சீசனில் உதகையில், லவ்டேல் செல்லும் சாலையை ஒட்டிய பழைய பங்களா ஒன்றின் புல்வெளியில் சனி, ஞாயிறு இரு நாளும் நடந்த கார் கண்காட்சியை அடுத்த ஆண்டும் நடத்தப்போவதாக அமைப்பாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். 200 ரூபாய் கட்டணத்துக்கும், சீசன் நெரிசலில் மலையேறி இறங்கும் சிரமத்துக்கும் அது தகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தகும் என்பதே. அப்படிச் சொல்ல வைத்தது அங்கே வந்து நின்ற லம்போர்கினி கவுன்டாச் எல்.பி. 5000 கியூ.வி. என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றேதான். அதன் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்ததோடு, அவ்வப்போது ஓடவிட்டும் காட்டினார்கள். சாவியே போடாமல் பொம்மையாக நிறுத்திவைக்கும் கண்காட்சிகளுக்கு நடுவில், அந்தக் காருக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் அவர்கள் செய்த மரியாதை அது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு கவுன்டாச் நோட்டுப் புத்தக அட்டையிலும் ட்ரம்ப் கார்டிலும் பழக்கமான கார். பெர்டோனே என்ற இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காண்டினி வரைந்த இதன் முதல் மாதிரி 1971-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வெளிப்பட்டது; 1974 முதல் 1990 வரை விற்பனைக்கான கார்கள் கட்டப்பட்டன. உதகைக்கு வந்தது 1985 முதல் 1988 வரை 610 மட்டுமே கட்டப்பட்ட வகை. வெளிநாட்டு எண் பலகையும் வலப்பக்க ஸ்டியரிங்கும் கொண்ட அதைத் தற்காலிக அனுமதியில் நாட்டுக்குள் கொண்டுவந்து, மூடிய லாரியில் கோத்தகிரி வழியாக ஏற்றியிருக்கிறார்கள். அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லாததால், நம் ஊர் வேகத்தடைகளை நினைத்தால் அது சரியான முடிவுதான்.

எத்தனை படம் பார்த்திருந்தாலும் இந்தக் காரின் அளவு நேரில்தான் பிடிபடுகிறது. உயரம் 107 சென்டிமீட்டர். பக்கத்தில் நிற்கும் ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே கூரை முடிந்துவிடுகிறது. அகலமோ இரண்டு மீட்டர். பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் 345 மில்லிமீட்டர் அகல டயர்கள் இரண்டும் சாலை உருளையைப் போலத் தரையில் அழுந்திக் கிடக்கின்றன. பின்சக்கரத்தின் மேல்விளிம்பு வட்டமாக வளையாமல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பது காண்டினியின் கைமுத்திரை. அது ஒன்றே, நின்றுகொண்டிருக்கும் காரையும் பாயப்போவதைப் போலக் காட்டிவிடுகிறது. கதவின் பக்கவாட்டில் காற்றை உள்ளிழுக்கும் பள்ளத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக மடிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கயிற்றுக்கு இப்பால் நின்றே பார்க்க முடிந்தது. அலுமினியத் தகட்டில் அந்த மடிப்பைக் கொண்டுவந்த கைகளை நினைத்து நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

எஞ்சின் பகுதி அதைவிடச் சுவையானது. 12 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், 5.2 லிட்டர், 455 குதிரைத்திறன் என்ற கணக்குகள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் நீளவாக்கில் கிடக்கும் அந்த எஞ்சினுக்கு முன்னால், இரு இருக்கைகளுக்கும் நடுவில் கியர்பாக்ஸ் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானியின் யோசனை விளங்குகிறது. எடை பின்பக்கம் குவியாமல் நடுவுக்கு வருகிறது. கியர் தண்டும் நீண்ட இணைப்புக் கம்பிகள் இல்லாமல் ஏறக்குறைய நேராகவே கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. முன்னால் சென்ற ஆற்றல் எஞ்சினின் அடிவயிற்றைத் துளைத்துச் செல்லும் ஒரு தண்டின் வழியாகப் பின்சக்கரங்களுக்குத் திரும்பி வருகிறது.

எஞ்சினை ஓடவிட்டபோது கேட்டதை உதகை போன்ற உயரமான ஊரில் மட்டுமே இப்படிக் கேட்டிருக்க முடியும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இந்தக் காரில் காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுபவை ஆறு வெபர் கார்புரேட்டர்கள்; காற்று மெலிந்திருப்பதைக் கணினி வைத்த இன்றைய எஞ்சின்கள் உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதைப் போல இவற்றால் குறைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெட்ரோல் மிகுந்துபோய், புகைபோக்கிகளில் கரும்புகையும் எரியாத பெட்ரோலின் வாடையும் வந்தன; கார் நிற்கும்போது சீராக ஐடிலிங்கில் ஓடாமல் எஞ்சின் தடுமாற, மெக்கானிக் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்தார். பழைய கார்புரேட்டர் பைக்கில் கல்லட்டி மலைப்பாதை ஏறியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் தெரிந்ததுதான். 455 குதிரைத்திறனில் அங்கே சுமார் 350 கிடைத்திருந்தால் பெரிது. ஆனாலும் ஒருமுறை அவர் சற்று அழுத்தி மிதித்தபோது, தடுமாற்றமெல்லாம் மறைந்து பன்னிரண்டு சிலிண்டர்களும் ஒரே குரலாக எழுந்த அந்த ஓசைக்குக் கட்டணத்தை இரட்டிப்பாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மாலையில் காரை இடம் மாற்றியதையும் காத்திருந்து பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். எஞ்சின் மேலுள்ள கார்புரேட்டர் மேடு பின்கண்ணாடியை மறைத்துவிடுவதால், ஓட்டுநர் கதவை மேலே தூக்கிவிட்டு, அகலமான பக்கப் படியில் பாதி உடம்பை ஏற்றி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்னோக்கிப் பார்த்தபடி ரிவர்ஸ் எடுத்தார். கவுன்டாச்சை வைத்திருப்பவர்கள் உலகெங்கும் கையாளும் முறை அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காருக்கு முன் வைத்த பலகையில் பெயர், ஆண்டு, குதிரைத்திறன் தவிர வேறொன்றும் இல்லை. காண்டினியின் பெயரே இல்லை. அரங்கம் முழுவதிலும் ஒரு பலகைகூடத் தமிழில் இல்லை என்பது, பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் என்னும்போது, மன்னிக்க முடியாதது. இன்னொன்று, பிற்பகலில் பனிமூட்டம் இறங்கித் தூறல் தொடங்கியதும் காரை உறையிட்டு மூடிவிட்டார்கள். மூடியது நியாயம், ஆனால் மூடிய பிறகும் வாசலில் சீட்டு விற்றதும், எஞ்சின் ஓடும் நேரத்தை எங்கும் எழுதி வைக்காததும் நியாயமில்லை. மதியத்துக்கு மேல் வந்த குழந்தைகள் உறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மற்ற கார்கள் வழக்கமானவையே. அம்பாசிடர்கள், பத்மினிகள், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த வில்லிஸ் ஜீப்புகள் எல்லாம் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் கவனிப்பாரின்றி ஒரு ஸ்டாண்டர்டு 2000 நின்றது. இந்தக் கவுன்டாச் வகை வெளியான அதே 1985-இல், இங்கிலாந்தின் ரோவர் காரின் உடலுக்குள் பழைய 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி சென்னையில் கட்டி விற்ற கார் அது. அதுவும் 1988-க்குள் நின்றுபோயிற்று. இரண்டையும் அருகருகே நிறுத்தி நான்கு வரி எழுதி வைத்திருந்தால், அந்தக் காலத்தில் நமக்கு எது எட்டியது, எது எட்டவில்லை என்பது சிறுவர்களுக்கும் புரிந்திருக்கும். அடுத்த ஆண்டு இதை அமைப்பாளர்கள் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அடுத்த ஆண்டு போகிறவர்கள் நீலகிரிக்குள் வண்டியில் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில் வேண்டும். காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே சென்று, மெக்கானிக்கிடம் எஞ்சின் எப்போது ஓடும் என்று முதலில் கேட்டுவிட்டு, மற்ற கார்களைப் பிறகு பாருங்கள்.