9 ஆயிரத்துக்கு வாங்குன பழைய கிளாரினெட், மூணு வருஷம் கழிச்சு

சர்ச் குவையர்ல ஒரு அண்ணன் வாசிக்கிறத பாத்து ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட்ல யமஹா 250 ஒண்ணு வாங்குனேன், ஸ்டூடன்ட் மாடல், ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடி. வித்தவரு "ஒரு வேலையும் இல்ல தம்பி, எடுத்து ஊத வேண்டியதுதான்"னாரு. ஊதுனேன். இடது கை நோட்ஸ் எப்படியோ வந்துச்சு, வலது கையும் சேத்து மூடுனா ஒரே கீச்சு கீச்சு.

நாலு மாசம் என் மூச்சுதான் பத்தலனு நெனச்சு, ரீட்ட (வாய்ல வச்சு ஊதுற மெல்லிசு நாணல் தகடு) 2ல இருந்து கொஞ்சம் கெட்டியான 2½க்கு மாத்தி, அது இன்னும் மோசமாகி, உதட்ட கடிச்சு கடிச்சு புண்ணானதுதான் மிச்சம். அப்புறம் அந்த அண்ணன் தான் வாங்கி பாத்தாரு. மேல் ஜாயின்ட்ட (இடது கை பிடிக்கிற மேல் பாதி குழாய்) மட்டும் கழட்டி, அடிய உள்ளங்கையால அடைச்சு, ஓட்டையெல்லாம் விரலால மூடிட்டு மேல உறிஞ்சுனாரு. காத்து போகாம கொஞ்ச நேரம் உதட்ட பிடிச்சு நிக்கணுமாம், என்னோடது சல்லடை. சிகரெட் சுத்துற பேப்பர சின்னதா வெட்டி ஒவ்வொரு பேடுக்கும் (கீக்கு அடியில ஓட்டைய மூடுற குட்டி மெத்தை) அடியில வச்சு இழுத்தா எது டைட்டா இல்லனு தெரிஞ்சிரும். லீக் எங்கன்னா நான் ஒரு தடவ கூட தொடாத ட்ரில் கீ ரெண்டுல, ரெண்டு நோட்ட வேகமா மாத்தி மாத்தி வாசிக்க இருக்குற கீ அது!

மொத்தம் 17 பேட், செட்டாவே வாங்கி நானே மாத்துனேன். ஒட்டுறதுக்கு க்ளூ ஸ்டிக் போதும், ஆனா கீய தனியா கழட்டிட்டு தான் சூடு காட்டணும். நான் சோம்பேறித்தனமா பாடில இருக்கும்போதே லைட்டர காட்டி ஒரு ஓட்டையோட விளிம்ப லேசா உருக்கிட்டேன், பிளாஸ்டிக்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அந்த பேட் இன்னைக்கும் கொஞ்சம் சாஞ்சு தான் உக்காருது. மவுத்பீஸ் நுனி தேஞ்சிருந்ததால 4சி மாடல் ஒண்ணு புதுசா வாங்குனேன், செலவு பண்ணதுலயே உருப்படியானது அதுதான்.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு, இது பி ஃப்ளாட் கிளாரினெட், நோட்டேஷன் பேப்பர்ல இருக்குற ஸி நோட்ட வாசிச்சா கீபோர்டு பி ஃப்ளாட் தான் கேக்கும், அதாவது ஆறரை கட்டை. குவையர்ல முத நாள் அசிங்கப்பட்டேன்.

மழைக்காலத்துல பேட் எல்லாம் ஒட்டிக்கும், அதே சிகரெட் பேப்பர வச்சு ஒத்தி எடுப்பேன். கீ சுத்துற ராடுக்கு எப்பவாச்சும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். நடு பி ஃப்ளாட் மட்டும் இன்னும் மூக்கடைச்ச மாதிரி தான் வருது, ஆனா அது ரிப்பேர் இல்ல, ரிஜிஸ்டருக்கு, அதாவது மேல் நோட்டுகளுக்கு தாவ, போட்ட குட்டி ஓட்டையவே அந்த நோட்டுக்கும் யூஸ் பண்றதால வர்ற பிறவிக்கோளாறு, காஸ்ட்லி கிளாரினெட்லயும் இருக்கும். கர்நாடக சங்கீத கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் ஐயா மாதிரி கமகம் வாசிக்க ஆசை தான், இப்போதைக்கு பாமாலை வந்தா போதும்.

கீழ் ஜாயின்ட்ட இறுக்கி பிடிக்கிற கார்க் மறுபடி உதிர ஆரம்பிச்சிருச்சு, ப்ளம்பர் டெஃப்லான் டேப்ப சுத்தி ஓட்டிட்டு இருக்கேன், கிறிஸ்துமஸ்க்குள்ள மாத்தணும்.